மாரிஸின் முன்பக்கம்

செப்டம்பர் 15, ஞாயிறு

என் பழைய மாரிஸ் காரின் ஸ்டியரிங் இன்றும் ஆடியது. அவிநாசி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் கையில் நடுங்க ஆரம்பித்தது, வீட்டு வாசலில் நிறுத்தும்வரை ஓயவில்லை. ஆடி மாதத்தில் தொடங்கிய வியாதி இது. டயர் மாற்றியாயிற்று. வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று. திரும்பவும் பார்த்தாயிற்று. மெக்கானிக் இஸ்மாயில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே அண்ணா, வெண்ணெயாட்டம் போகுது" என்கிறார். என்னைவிடச் சின்னவர். அதற்குள் கை மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது.

இது சாதாரண நேரமாக இருந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மகள் மேகலாவுக்கு ஏழாம் மாதம் வரப்போகிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போய், அவள் மாமியார் வீட்டில் விருந்து முடித்து, அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர நவம்பர் பத்து என்று நாள் குறித்திருக்கிறது. "எம் புள்ளைய நம்ம மாரிஸ்லதான் கூட்டியாருவேன், நானே ஓட்டீட்டு வருவேன்" என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் பெருமை அடித்துவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மலை வளைவில் ஸ்டியரிங் ஆடினால் என்ன ஆகும்?

செப்டம்பர் 22, ஞாயிறு

முடிவெடுத்துவிட்டேன். பழைய முன்பக்கமே வேண்டாம். மாரிஸ் செய்த காலத்தில் முன்சக்கரத்துக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான இரும்புத் தண்டு ஒன்று முறுகி முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். அறுபது வருடத்துக்கு மேல் முறுகிய இரும்பை நம்பி மகளை ஏற்றுவதா? இந்தக் காலத்துக் கார் ஒன்றின் முன்பக்கத்தை ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், ஸ்டியரிங் பெட்டியோடு அப்படியே கழற்றி இதில் பூட்டிவிடப்போகிறேன்.

இஸ்மாயில் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"நல்லாருக்கற முன்பக்கத்த எதுக்குங்க அறுக்கோணும்?"

"நல்லாருந்தா ஏன் ஆடுது?"

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "சரிங்க, அறுத்தரலாம்" என்றார். வாதாடாமல் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். சந்தேகமாக இருந்தது.

செப்டம்பர் 25, புதன்

கமலவேணி இப்போதெல்லாம் எனக்குக் காபியைப் பாதி டம்ளர்தான் ஊற்றுகிறாள். ஏன் என்று கேட்டால் "பித்தமுங்க" என்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லாத பித்தம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளை எல்லாம் சுற்றி, பின்பக்கம் மட்டும் நசுங்கிய ஒரு சின்ன காரிலிருந்து முன்பக்கத்து செட்டைப் பிடித்தோம். அளவு மாரிஸுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டும், இடைவெளியை அடைக்கிற புஷ்களும் செய்துகொண்டால் போதும். கணபதியில் என் லேத் பட்டறை எதற்கு இருக்கிறது?

மதியம் பழையதைக் கழற்றினோம். ஒவ்வொரு மூட்டாகத் துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தேய்மானம் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கேயாவது கொஞ்சம் ஆட்டம், ஒரு விரிசல், ஏதாவது இருக்காதா என்று தேடினேன். இரும்பு நேற்று வாங்கியது மாதிரி இருந்தது.

இஸ்மாயில் வெளியே போய் நின்றுகொண்டார். ஓடும்போது மட்டும் வருகிற கோளாறு கழற்றி வைத்தால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் உண்டு. தொழிலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

புஷ் கடைந்தேன். இரண்டு வீண். தலைமுடியில் பாதி கனம் கூடினால்கூடக் கண்டுபிடிக்கிற ஆள் நான். பம்ப் கம்பெனிக்காரர்கள் என் பட்டறையில் கடைந்த சாமானை அளந்தே பார்க்கமாட்டார்கள். இன்றைக்கு அளவுக்கருவியைச் சாமானில் வைத்தால் ஒரு தடவை ஒரு கணக்கு, மறு தடவை வேறு கணக்கு. கருவி பழசாகிவிட்டது. லேத்தில் சாமானைக் கவ்வுகிற சக்கும் ஓடி ஓடித் தளர்ந்துவிட்டது.

இந்தப் பேனாவும் உருப்படி இல்லை. வரி தொடங்கும்போது ஒழுங்காக வருகிற எழுத்து வரி முடிவதற்குள் எறும்பாகிவிடுகிறது. எல்லாச் சாமானும் சேர்ந்தாற்போல் கெட்டுப்போக வேண்டுமா?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைக்கும்போது கிண்ணத்திலிருந்து தரையில் கொஞ்சம் சிந்திவிட்டது. கமலவேணி வந்து, "குடுங்க, நான் வெக்கறேன், நீங்க சூடத்தப் பாருங்க" என்று வாங்கிக்கொண்டாள். சூடத்தட்டைக் கையில் எடுத்ததும் அதையும் வாங்கிக்கொண்டாள். பிறகு நான் எதற்கு?

பட்டறைச் சுவரில் பெரியண்ணன் படம் இருக்கிறது. மாலை போட்டேன். அண்ணன் கடைசி வருடங்களில் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். அண்ணிதான் குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி ஊட்டுவார். பேச வராது. கண் மட்டும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வீட்டுக்குப் போவதை நான் அப்போது குறைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் எதற்கு இன்றைக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பொரி கடலை நன்றாக இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

இஸ்மாயில் வெல்டிங் முடித்துவிட்டார். மனுஷன் கை அசைவே தெரியாமல் பற்ற வைக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தேன், பொறாமையாக இருந்தது. நட்டு பூட்டுவதெல்லாம் என் வேலை என்று சொல்லிவிட்டேன். என் மகள் உட்காரப்போகிற வண்டி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நட்டைக் கடைசியாக முறுக்கி, அது கழலாமலிருக்க ஸ்பிளிட் பின் என்கிற சின்னக் கம்பியையும் குத்தி மடக்கிய பிறகு, பூட்டியவன் அதன்மேல் ஒரு கோடு பெயிண்ட் வைப்பான். என் பட்டறையில் மஞ்சள். மஞ்சள் ஏறிவிட்டால் வேலை முடிந்தது, வேறு யாரும் அதில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால் பூட்டியவனை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்காகச் சண்டை வந்து வேலையை விட்டுப் போனவர்கள் உண்டு.

வலதுபக்கம் எல்லாம் பூட்டியாயிற்று. இடதுபக்கம் சக்கரத்தை அடியில் தாங்குகிற இரும்புக் கையோடு சேர்க்கிற மூட்டின் நட்டு மட்டும் பாக்கி. அதில் பின் போடுவதற்கான ஓட்டை சின்னது, இடமும் குறுகல். பின் கொஞ்சம் அடம் பிடித்தது. ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனால் விலகி விலகிப் போனது. கீழே விழுந்தது. எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. இஸ்மாயில் டீயோடு உள்ளே வந்து, "முடிஞ்சுதுங்களா? நான் வேணா பாக்கட்டுமா?" என்றார். "முடிஞ்சுது முடிஞ்சுது" என்று பெயிண்ட் வைத்துவிட்டு எழுந்தேன்.

டீயும் பாதி கிளாஸ்தான் இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

இன்றைக்கு முதல் ஓட்டம். இஸ்மாயில் சரவணம்பட்டி வரை எடுத்தார், நான் பக்கத்தில். புது முன்பக்கம் பள்ளத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது. பிரேக் தொட்டால் நிற்கிறது. நடுரோட்டில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். வண்டி கோடு போட்டதுபோலப் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

திரும்பும்போது நான் எடுத்தேன்.

ஆடியது.

இஸ்மாயில் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். நான் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க அதிகமாகியது. தோள்வரை வலித்தது. "புது செட்டு, படியறவரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். "இருக்குமுங்க" என்றார். அவர் அப்படி உடனே ஆமோதித்ததுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

மேகலா போன் செய்தாள்.

"அப்பா, கார் ரெடியா?"

"ரெடி கண்ணு."

"எனக்கு இப்ப பஸ்ல ஏறினாலே கொமட்டுதுப்பா. டாக்ஸிக்காரங்க வளைவுல அடிக்கற அடியில உசுரே போயிருது. நீங்க ஓட்டினா எனக்கு எப்பவும் தூக்கம் வந்திரும். அன்னிக்கு நல்லாத் தூங்கீட்டு வரோணும்."

போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் தூங்கிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். முழித்துக்கொண்டு பயந்து வந்தால்கூடப் பரவாயில்லை. என்னை நம்பித் தூங்கிவிடுவாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மழை. முறுக்கு நன்றாக வெந்திருந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

மலையில் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று இஸ்மாயில் சொன்னார். கமலவேணியும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டில் பாதி தூரம்வரை போனோம், இஸ்மாயில்தான் ஓட்டினார். நானும் கேட்கவில்லை. ஏறும்போது ஒன்றும் இல்லை. மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவில் இடது முன்பக்கம் 'டொக்' என்றது. அடுத்த வளைவில் இரண்டு தடவை.

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார். சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நுழைந்தார். கமலவேணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலேயே சரிவு. கீழே பாக்குத் தோப்பு சின்னச் சின்னதாகத் தெரிந்தது.

இஸ்மாயில் உள்ளேயிருந்து கேட்டார்.

"அண்ணா, இதுல பின்னு எங்கீங்க?"

"எதுல?"

"எடது பக்கம், கீழ. நட்டு பாதிக்கு மேல கழண்டிருச்சு. ஓட்டை வெறுசா இருக்குது. மஞ்சக்கோடு மட்டும் இருக்குதுங்க."

"விழுந்திருக்கும்."

"மடக்கின பின்னு விழாதுங்க."

அவர் டூல் பையிலிருந்து ஸ்பேனர் எடுத்து முறுக்கி, ஒரு பின் போட்டு மடக்கிவிட்டு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். இன்னும் நாலு வளைவு போயிருந்தால் நட்டு கழன்று சக்கரம் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கமலவேணிக்கும் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

பின் போட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

நவம்பர் 4, திங்கள்

போடவில்லை. போட முடியவில்லை. அப்புறம் வந்து போடலாம் என்று நினைத்துப் பெயிண்டை வைத்தேன். அப்புறம் வரவே இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

பட்டறைக்கு நேரம் கழித்துப் போனேன். மாரிஸைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இஸ்மாயில் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகப் பிளேடால் என் மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டி, ஸ்பேனர் வைத்துப் பார்த்து, பின்னை இழுத்துப் பார்த்து, வெள்ளை பெயிண்ட் வைத்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன்.

"செய்யுங்க பாய்" என்றேன். அவருக்குத்தான் கண் கலங்கியது. நான் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை வருடங்களில் என் மஞ்சளை யாரும் சுரண்டியதில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மலையில் மழை. ஒரு இடத்தில் மண் சரிந்து, பிறகு அள்ளிவிட்டார்களாம். மருமகன் பிரதீபன் போனில், "ரோடு கிளியர் மாமா, பயமில்லைங்க" என்றார்.

இஸ்மாயில் வந்திருந்தார். வண்டியைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், கடைசியில் கேட்டார். "ஞாயித்துக்கெழமை நான் ஓட்டட்டுங்களா அண்ணா? நீங்க சம்பந்தி வீட்டுக்குப் போறவரு, ராஜாவாட்டம் பின்னால உக்காந்துக்கோங்க."

எரிந்து விழுந்தேன். என் வண்டி, என் மகள், நீ யார் என்று கேட்டுவிட்டேன். அவரை நான் நீ என்று கூப்பிட்டதே கிடையாது. எழுந்து போய்விட்டார்.

ராத்திரி கமலவேணி, "திங்கக்கெழமை அந்த நரம்பு டாக்டர்கிட்டப் பேர் குடுத்திருக்கறேங்க, எனக்குக் கால் மரத்துப்போகுது, தொணைக்கு வாங்க" என்றாள். அவளுக்குக் காலில் ஒன்றும் இல்லை. வருகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டாக்டர் அந்த வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அண்ணனுக்குச் சொன்ன அன்றைக்கு நான்தான் கூடப் போயிருந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

காலையில் குளித்து வேட்டி கட்டினேன். சட்டைப் பொத்தானைக் கமலவேணிதான் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவள்தான் போட்டுவிடுகிறாள். அதை நான் இதில் எழுதவில்லை.

புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு எல்லாம் கட்டி வேனில் ஏற்றினார்கள். சொந்தக்காரர்களும் வேனில் ஏறினார்கள். இஸ்மாயிலும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேன் படிக்கட்டுப் பக்கம் என்னைப் பார்க்காமல் நின்றார். வெள்ளிக்கிழமை அப்படிப் பேசியும் வந்தாரே என்று இருந்தது. நான் மாரிஸில் ஏறி உட்கார்ந்தேன். சாவி துவாரத்தில் நுழைய நேரம் எடுத்தது. நுழைத்துவிட்டேன். திருப்பவில்லை.

கமலவேணி பட்டுச்சேலையோடு வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஏனுங்க, நீங்க ஓட்டறதுன்னா ஓட்டுங்க. போகையிலும் வரையிலும் நான் இங்கயே உக்காந்துக்கறேன். எனக்கு ஒண்ணுமில்லீங்க. புள்ளைய மட்டும் வேன்ல கூட்டியாந்தரலாம்."

அவள் குரலில் கோபமே இல்லை. ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்கிற குரல். என்னோடு எந்தப் பள்ளத்தில் விழவும் அவள் தயார். மகளைத் தரமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் முன்னால் பார்த்தேன். இஞ்சின் ஓடவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது. என் இரண்டு கைக்குள்ளும் ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த ஹாரன் வளையம் கிடுகிடுவென்று சத்தம் போட்டது. கமலவேணியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கிப் போய் இஸ்மாயிலிடம் சாவியைக் கொடுத்தேன். "பாய், நீங்க எடுங்க. அன்னிக்குப் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். "அட, என்னங்கண்ணா" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். வேனிலிருந்த யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேனா தெரியாது.

விருந்து நன்றாக நடந்தது. மேகலாவின் கன்னத்தில் சந்தனம் பூசும்போது அவளே என் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய்க் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பினோம். இஸ்மாயில் ஓட்டினார், முன்னால் கமலவேணி, பின்னால் நானும் மேகலாவும். மழை விட்டிருந்தது. வண்டி ஒவ்வொரு வளைவிலும் தொட்டில் மாதிரித் திரும்பியது. அவள் தூங்கவில்லை.

"ஏம்ப்பா, ஒரு குலுக்கலும் இல்லையே. ஆடுது ஆடுதுன்னு அத்தன நாளு சொல்லீட்டிருந்தீங்க?"

கண்ணாடியில் இஸ்மாயில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். கமலவேணி திரும்பவில்லை. இன்னும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். புது செட்டு படிந்துவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"வண்டி ஆடல கண்ணு. அப்பா கைதான் ஆடுது" என்று மடியிலிருந்த வலது கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் அதையே பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பதறினேன்.

"பெரியப்பாவுக்கு வந்த மாதிரியாப்பா?"

இத்தனை நாள் நான் என்னிடமே கேட்காத கேள்வி. இதைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் ஒரு நல்ல வண்டியை அறுத்திருக்கிறேன்.

"தெரியல கண்ணு. நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம். பயமாருக்குது."

என் மகளிடம் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் அழுதாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேட்டுப்பாளையம் வரும்வரை விடவில்லை. கை அவள் பிடிக்குள்ளும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.